பொலிஸ்மா அதிபர் ஆளுநரானபோது

கினிகத்தேனையில் மழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமை மாலை. சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வந்த பெண்கள் பதினைந்து பேர் வட்டமாக அமர்ந்திருந்தோம். இவர்களில் பலர் இந்த மலையிலேயே பிறந்தவர்கள். 1977 கலவரத்தின் போதும் 1983 கலவரத்தின் போதும் பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்கள். அங்கே காடு வெட்டிக் குடியேறி, கலியாணம் கட்டி, பிள்ளைகளைப் பெற்று, 2009 இல் எல்லாவற்றையும் இழந்து, முகாமிலும் இருந்துவிட்டு, கடைசியில் அக்கா தங்கையின் லயத்துக் காம்பராவைத் தேடித் திரும்பி வந்தவர்கள்.

அவர்களில் ஒரு அக்கா பொலித்தீன் பையிலிருந்து இரண்டு கடதாசிகளை எடுத்து என் முன்னால் வைத்தார். ஒன்று, காணாமற்போன கணவரைப் பற்றிப் பொலிஸில் போட்ட என்ட்ரியின் பிரதி. மற்றது, யாரையோ பிடித்து எழுதுவித்த கடிதம். விலாசம் மட்டும் எழுதப்படவில்லை.

“மிஸ், ஐ.ஜி.பி. பெரியவரா, கவர்னர் பெரியவரா? யாருக்குப் போட்டா வேல நடக்கும்?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது அதிகாரம் என்றால் என்ன என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். இந்தக் கேள்வியை மட்டும் எந்த வினாத்தாளிலும் கண்டதில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான், இந்த நாட்டில் அந்த இரண்டு நாற்காலிகளிலும் அடுத்தடுத்து அமர்ந்த ஒருவர் இருக்கிறாரே என்பது நினைவுக்கு வந்தது. அவரது கதையைச் சொன்னால் அக்காவின் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

அவர் விக்டர் பெரேரா. 2006 இன் பிற்பகுதியிலிருந்து 2008 நடுப்பகுதி வரை இலங்கையின் பொலிஸ்மா அதிபராக இருந்தவர். ஓய்வு பெற்ற அதே 2008 ஆம் ஆண்டில் வட மாகாணத்தின் ஆளுநராக நியமிக்கப்பட்டார். வடக்கும் கிழக்கும் ஒரே மாகாணமாக இணைக்கப்பட்டது செல்லாது என்று 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2007 ஜனவரியில் இரண்டும் பிரிந்தன. அதன் பின்னர் வடக்குக்கென்று தனியாக நியமிக்கப்பட்ட ஆளுநர்களின் பட்டியலில் முதலில் வரும் பெயர் இவருடையதுதான்.

காக்கிச் சட்டைக் காலம்

அவர் பொலிஸ்மா அதிபராக இருந்த காலத்தை நமது பெண்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கொழும்பில் வெள்ளை வான் என்ற சொல்லைக் கேட்டாலே தாய்மார் கதவைப் பூட்டிய காலம் அது. கடத்தல், காணாமற்போதல், கப்பம் என்று தினமும் செய்தி வந்தது. அவர் விடயத்தில் நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 2007 மார்ச்சில், கடத்தல்கள் தொடர்பாகக் கைது செய்யப்பட்டவர்களில் முன்னாள் படையினர், சேவையிலுள்ள படையினர், பொலிஸார் ஆகியோரும் பாதாள உலகக் கும்பலைச் சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள் என்று அவரே பகிரங்கமாகச் சொன்னார். ‘அப்படி எதுவுமே நடக்கவில்லை’ என்று பலரும் சாதித்துக்கொண்டிருந்த நாட்களில், பொலிஸின் தலைவரே சொன்ன அந்த வார்த்தைக்குப் பெறுமதி உண்டு. அந்த வழக்குகளால் எத்தனை தாய்மாருக்குப் பிள்ளை திரும்பிக் கிடைத்தது என்பது வேறு கேள்வி.

மூன்று மாதங்களில் அந்த நல்ல வார்த்தையை மறக்கச் செய்யும் சம்பவம் நடந்தது. 2007 ஜூன் 7 ஆம் திகதி விடியப்புறம், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை போன்ற இடங்களிலுள்ள லொட்ஜுகளின் கதவுகளைப் பொலிஸார் தட்டினார்கள். தமிழர்களாக இருந்தவர்களை, கொழும்பில் தங்குவதற்குத் தகுந்த காரணம் இல்லை என்று சொல்லி, பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குப் பக்கத்துக்கும் அனுப்பினார்கள். சாமான்களைக் கட்டுவதற்குக்கூடப் போதிய நேரம் கொடுக்கப்படவில்லை. மொத்தம் 376 பேர். அவர்களில் 85 பேர் பெண்கள்.

லொட்ஜில் யார் தங்குவார்கள் என்பது நமக்குத் தெரியும். வெளிநாட்டு வேலைக்குப் பாஸ்போட் எடுக்க வந்த பிள்ளை தங்குவாள். பெரியாஸ்பத்திரியில் கிளினிக்குக்கு வந்த தாய் தங்குவாள். கடையில் வேலை கிடைத்து இன்னும் அறை கிடைக்காத இளைஞன் தங்குவான். மத்திய கிழக்குக்குப் போவதற்காகத் தோட்டத்திலிருந்து போகும் நமது பெண்களும் அப்படித்தான் தங்குகிறார்கள். ‘தகுந்த காரணம்’ என்பதை அதிகாலை நேரத்தில் கதவடியில் நின்று தீர்மானித்தவர் ஒரு பொலிஸ்காரர். அதற்குச் சில நாட்களுக்கு முன்னர், காரணமின்றிக் கொழும்பில் தங்கியிருக்கும் தமிழர்கள் ஊர் திரும்ப வேண்டும் என்ற கருத்தை வெளியிட்டிருந்தவர் பொலிஸ்மா அதிபர்.

இந்தக் கதையில் நான் அதிகம் நின்று பார்க்க விரும்புவது அடுத்த நாளைத்தான். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் என்ற அமைப்பு அடிப்படை உரிமை மனுவுடன் உடனே உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஜூன் 8 ஆம் திகதியே நீதிமன்றம் வெளியேற்றத்தை நிறுத்தும்படி இடைக்காலத் தடை விதித்தது. அனுப்பப்பட்டவர்களில் பலர் கொழும்புக்குத் திரும்பி வந்தார்கள். இரண்டு நாள் கழித்துப் பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க, நடந்தது தவறு என்று அரசாங்கத்தின் சார்பில் வருத்தம் தெரிவித்தார். பாதுகாப்புச் செயலாளராக இருந்த கோட்டாபய ராஜபக்ஷவோ அந்த நடவடிக்கை சரியானதே என்று வாதிட்டார். ஒரே அரசாங்கத்துக்குள் இரண்டு வாய்.

அதே வருடம் நவம்பர் கடைசியில் கொழும்பிலும் நுகேகொடையிலும் குண்டுகள் வெடித்தன. டிசெம்பர் முதல் நாட்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தமிழர்கள் சுற்றிவளைப்புகளில் பிடிக்கப்பட்டார்கள். பூஸா முகாமுக்கும் கொண்டு போகப்பட்டார்கள். அவர்களில் மலையக இளைஞர்கள் நிறையப் பேர். இந்தப் பகுதியிலிருந்து கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போன பிள்ளைகளைத் தேடி, அடையாள அட்டைப் பிரதியையும் கிராம சேவகர் கடிதத்தையும் கையில் வைத்துக்கொண்டு அலைந்த தாய்மாரை எனக்குத் தெரியும். அந்த முறையும் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் உயர் நீதிமன்றத்தை நாடியது. பிடிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் சில நாட்களில் விடுவிக்கப்பட்டனர்.

தலைமை நாற்காலியில் தமிழர் ஒருவர் இருந்திருந்தால் இப்படி நடந்திருக்காது என்று எங்கள் கூட்டத்தில் ஒரு தங்கச்சி சொன்னாள். பாவம், அவளுக்கு வயது போதாது. 1983 ஜூலையில் நாடே பற்றியெரிந்தபோது பொலிஸ்மா அதிபராக இருந்தவர் ருத்ரா ராஜசிங்கம் என்ற தமிழர்தான். 2000 ஒக்டோபர் 25 ஆம் திகதி பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் 25 இற்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்கள் வெட்டியும் எரித்தும் கொல்லப்பட்டபோது பொலிஸார் அங்கேயே நின்றிருந்தார்கள். அதைத் தொடர்ந்து இந்த மலைநாட்டு நகரங்களில் நாம் பட்ட பாட்டை மறக்கவில்லை. வழக்கு நடந்தது. ஐவருக்கு மேல் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2005 இல் உயர் நீதிமன்றம் அவர்களையும் விடுவித்தது. நாற்காலியில் இருப்பவர் யார் என்பதைவிட, அவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்பதே முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

யாருக்குப் பதில் சொல்பவர்?

2001 இல் கொண்டு வரப்பட்ட 17 ஆவது திருத்தத்தின்படி, பொலிஸ்மா அதிபரை ஜனாதிபதி தனியாக நியமிக்க முடியாது. அரசியலமைப்புப் பேரவை அங்கீகரிக்க வேண்டும். ஆனால் 2005 இல் அந்தப் பேரவையின் காலம் முடிந்தது. புதிய பேரவை அமைக்கப்படவில்லை. 2006 இல் ஜனாதிபதி மகிந்த ராஜபக்ஷ பேரவை இல்லாமலே உயர் பதவிகளுக்கு ஆட்களை நியமித்தார். விக்டர் பெரேரா பொலிஸ்மா அதிபரானது அந்தக் காலத்தில்தான்.

ஆளுநர் பதவிக்கு அந்தக் கடிவாளம்கூட எப்போதும் இருந்ததில்லை. 1987 இன் 13 ஆவது திருத்தத்தின்படி ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. பதவிக் காலம் ஐந்து வருடம் என்று எழுதப்பட்டிருந்தாலும், ஜனாதிபதி விரும்பும் வரைதான் அந்த நாற்காலி. மாகாண சபை மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் ஆளுநரை நீக்கும்படி ஜனாதிபதியைக் கேட்கலாம் என்றும் ஒரு வழி இருக்கிறது. சபையே இல்லாவிட்டால் யார் கேட்பது?

2008 இல் வடக்கின் நிலை அதுதான். கிழக்கில் அந்த வருடம் மே மாதம் மாகாண சபைத் தேர்தல் நடந்தது. வடக்கில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா ஆகிய ஐந்து மாவட்டங்களில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தன. சபை இல்லை, முதலமைச்சர் இல்லை. மக்கள் மாட்டு வண்டியிலும் உழவு இயந்திரத்திலும் கூரைத் தகரத்தை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக நகர்ந்துகொண்டிருந்தார்கள். முந்திய வருடம் தமிழர்களைக் கொழும்பிலிருந்து வடக்குக்கு பஸ் ஏற்றிய பொலிஸின் தலைவராக இருந்தவர், அந்த பஸ்கள் போய்ச் சேர்ந்த மாகாணத்துக்கு ஆளுநரானார். அங்கே வாழும் பெண்களிடம் இதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 13 ஆவது திருத்தத்தில் மாகாணங்களுக்குப் பொலிஸ் அதிகாரம் எழுத்தில் கொடுக்கப்பட்டிருக்கிறது. எந்த மாகாணத்திலும் அது நடைமுறைக்கு வந்ததில்லை. ஆகவே நாட்டின் அத்தனை பொலிஸாருக்கும் கட்டளையிட்டவர், ஆளுநரானதும் தனது மாகாணத்தின் ஒரு கான்ஸ்டபிளைக்கூட இடம் மாற்ற முடியாதவர் ஆகிவிட்டார். பாடசாலை, மாகாண ஆஸ்பத்திரி, ஆசிரியர் இடமாற்றம், சமூக சேவை, சிறுவர் நன்னடத்தை, கூட்டுறவு, உள்ளூர் வீதி போன்றவைதான் மாகாணத்தின் வேலைகள். ஒரு விதவைத் தாயின் வாழ்வில் அன்றாடம் தேவைப்படும் வேலைகள் இவைதான். இவற்றை நடத்த வேண்டியவர் முப்பது, நாற்பது வருடம் காக்கிச் சட்டையில் கட்டளையிட்டுப் பழகியவராக இருந்தால், மனுவோடு வாசலில் நிற்கும் பெண்ணை அவரது அலுவலகம் எப்படிப் பார்க்கும்? மனுதாரியாகவா, சந்தேக நபராகவா? நான் யாரையும் குற்றம் சாட்டவில்லை. ஒரு தொழில் நம் கண்களைப் பழக்கிவிடும். சமூக சேவகிகளாகிய எங்களுக்கும் அந்த நோய் உண்டு. யாரைப் பார்த்தாலும் ‘பயனாளி’ என்றே எங்களுக்குத் தெரியும்.

விக்டர் பெரேராவுக்குப் பின் சிறிது காலம் டிக்சன் டேலா ஆளுநராக இருந்தார். 2009 ஜூலையில் மேஜர் ஜெனரல் ஜி. ஏ. சந்திரசிறி வந்தார், ஐந்து வருடம் இருந்தார். கிழக்கில் அதே காலத்தில் ஆளுநராக இருந்த மொஹான் விஜேவிக்கிரம கடற்படை அதிகாரி. பொலிஸ், தரைப்படை, கடற்படை. யுத்தத்தால் பாதிக்கப்பட்ட இரண்டு மாகாணங்களுக்கும் சீருடை மாற்றியவர்களே தொடர்ந்து வந்தார்கள்.

வடக்கு மக்கள் முதன்முதலாகத் தங்கள் மாகாண சபையைத் தெரிவு செய்தது 2013 செப்டெம்பர் 21 ஆம் திகதி. அந்தத் தேர்தலில், சரணடைந்த கணவரைத் தேடி அலைந்த அனந்தி சசிதரன் 87,000 இற்கும் மேற்பட்ட விருப்பு வாக்குகளைப் பெற்றார். சி. வி. விக்னேஸ்வரன் முதலமைச்சரானார். வந்த நாள் முதலே ஆளுநரோடு இழுபறி. நியதிச் சட்டத்துக்கு ஆளுநரின் சம்மதம் வேண்டும். பணம் சம்பந்தப்பட்ட விடயத்துக்கு அவரது சிபாரிசு வேண்டும். பாதிக்கப்பட்டோருக்கு உதவ முதலமைச்சர் நிதியம் ஒன்றை அமைக்கும் முயற்சிகூட நிறைவேறவில்லை. தெரிவு செய்யப்பட்டவரின் பேனாவை விட நியமிக்கப்பட்டவரின் பேனாவில் மை அதிகம்.

பெண் ஆளுநர் வந்தால்?

கூட்டங்களில் இந்தக் கேள்வி எப்போதும் வரும். வடக்குக்குப் பெண் ஆளுநரும் வந்தார். 2019 இன் இறுதியில் பி. எஸ். எம். சார்ள்ஸ் நியமிக்கப்பட்டார். யுத்தத்தின் கடைசிக் காலத்தில் வவுனியா அரசாங்க அதிபராக இருந்து, முகாம்களுக்கு வந்து குவிந்த மக்களின் அலுவல்களைப் பார்த்தவர். தமிழ் பேசும் பெண். நிர்வாகத்தில் ஊறியவர். மக்களின் கஷ்டம் தெரிந்தவர் அந்த இடத்துக்கு வருவது நல்லதுதான். ஆனால் 2021 இல் அவர் மாற்றப்பட்டதும், 2023 இல் மறுபடி நியமிக்கப்பட்டதும், 2024 இல் விலகியதும் கொழும்பில் காற்று வீசிய திசைப்படிதான். வடக்கின் பெண்கள் விரும்பியோ விரும்பாமலோ அல்ல.

அயல்நாட்டில் கிரண் பேடி இருக்கிறார். 1972 இல் இந்தியப் பொலிஸ் சேவையில் சேர்ந்த முதல் பெண் அதிகாரி. எங்கள் பாடசாலைக் காலத்தில் அவரது படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டி வைத்திருந்தோம். 2016 இல் புதுச்சேரியின் துணைநிலை ஆளுநரானார். தெரிவு செய்யப்பட்ட முதலமைச்சர் நாராயணசாமியுடன் மோதல் ஓயவில்லை. முதலமைச்சரே அவரது மாளிகைக்கு வெளியே போராட்டத்தில் உட்கார்ந்தார். 2021 பெப்ரவரியில் அவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். பொலிஸில் துணிச்சல் என்று நாம் கொண்டாடிய குணம், ஆளுநர் மாளிகையில் வேறு பெயர் பெற்றது. அந்தப் படத்தை ஒட்டி வைத்ததற்காக நான் வருத்தப்படவில்லை.

நமது மலைக்கும் இதே கதை

வடக்கின் கதையைக் கினிகத்தேனையில் ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். மத்திய மாகாண சபைக்கும் கடைசியாகத் தேர்தல் நடந்தது அதே 2013 செப்டெம்பரில்தான். 2018 ஒக்டோபரில் சபையின் காலம் முடிந்தது. அதன் பின் எந்த மாகாணத்திலும் சபைத் தேர்தல் நடத்தப்படவில்லை. தோட்டப் பாடசாலைக்குக் கணித ஆசிரியர் வேண்டும் என்று கேட்க, நாம் வாக்குப் போட்டு அனுப்பிய உறுப்பினர் என்று ஒருவர் கண்டியில் இல்லை. கையெழுத்து ஆளுநருடையது.

பொலிஸ்மா அதிபர் பதவியில் ஓரளவு மாற்றம் வந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக, பொலிஸ்மா அதிபராக இருந்த பூஜித் ஜயசுந்தர 75 மில்லியன் ரூபா நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் உத்தரவிட்டது. 2024 இல் தேசபந்து தென்னக்கோன் அந்தப் பதவியில் செயற்படுவதை உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது. 2025 ஓகஸ்டில் பாராளுமன்றம் அவரை வாக்கெடுப்பின் மூலம் நீக்கியது. இப்படி நீக்கப்பட்ட முதல் பொலிஸ்மா அதிபர் அவர்தான். ஆளுநர் பதவிக்கு அத்தகைய கதை எதுவும் இன்னும் எழுதப்படவில்லை.

அடுத்த கூட்டத்தில் அக்காவிடம் இதையெல்லாம் சுருக்கிச் சொன்னேன். “அப்ப ரெண்டு பேரும் ஒரே ஆளோட ஆளுங்கதான்” என்றார். நான் இருபது நிமிடம் சொன்னதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

பிறகு கடதாசிகளைப் பிரித்து வைத்தோம். காணாமற்போன கணவர் விடயம் ஆளுநருக்குரியதல்ல. அது 2016 ஆம் ஆண்டின் சட்டப்படி அமைக்கப்பட்ட காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்குப் போக வேண்டும். மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாதவர்கள், காணாமற்போனமைக்கான சான்றிதழைக் கேட்கலாம். மகளின் பாடசாலை விடயம்தான் மாகாணத்துக்குரியது. அதைத் தனிக் கடிதமாக எழுதினோம். பதில் வராவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ‘என் கடிதத்துக்கு என்ன நடந்தது’ என்று விண்ணப்பம் போடலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். தமிழிலேயே எழுதலாம்.

பொலிஸில் வாக்குமூலம் கொடுக்கும்போது தெரியாத மொழியில் எழுதியதற்குக் கையெழுத்துப் போட வேண்டாம் என்றும், என்ட்ரியின் இலக்கத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள் என்றும் மற்றவர்களுக்குச் சொன்னேன். பொலிஸாரோ வேறு அதிகாரிகளோ அடிப்படை உரிமையை மீறினால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. பலர் இதைத் தெரியாமல் மூன்று, நான்கு மாதம் கழித்து எங்களிடம் வருகிறார்கள். வீட்டில் அடி உதை என்றால் 1938 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம் என்றதும், இருவர் தொலைபேசியை எடுத்து அந்த இலக்கத்தைப் பதிந்துகொண்டார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

கடித உறையில் எழுதும்போது அக்கா மறுபடி கேட்டார்: “கவர்னர் பேரு என்ன மிஸ்?”

“பேர் வேணாம் அக்கா. பதவிய மட்டும் எழுதுவோம். கடிதம் போய்ச் சேர்றதுக்குள்ள ஆள் மாறினாலும் மாறும்.”

தபாற்கந்தோரில் பதிவுத் தபாலில் போட்டு, துண்டை வாங்கி நாலாக மடித்து, என்ட்ரி பிரதி இருந்த அதே பொலித்தீன் பையில் வைத்துக்கொண்டார். வெளியே மறுபடி மழை பிடித்திருந்தது. தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.